கலந்தால் குப்பை, பிரித்தால் பொருள்
வீடும் வீதியும் (மாதத் தொடர்)



"ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு தெருவில் வந்த வியாபாரியை நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஓட்டை விழுந்த ஈயப் பாத்திரமும் உடைந்த பித்தளைக் குழாயும் அவருடைய தராசில் ஏறும். ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேரும். 'மறுசுழற்சி' என்னும் சொல்லை அந்நாட்களில் எவரும் அறியார். ஆயினும் அந்த ஈயமும் பித்தளையும் வீணாய்ப் போகவில்லை. அவை உருக்கப்பட்டு வேறொரு பொருளாய் மறுபடியும் ஏதோ ஒரு வீட்டுக்குள் வந்தன.

இன்று நம் வீடுகளிலிருந்து நாள்தோறும் வெளியேறும் பொருள் அந்நாட்களைவிடப் பல மடங்கு அதிகம். திரும்பி வருவதோ மிகவும் குறைவு. ஏன் சில பொருட்கள் மாத்திரம் திரும்பி வருகின்றன? ஏன் மற்றவை ஊருக்கு வெளியே மலைபோல் குவிகின்றன? இம்மாதம் இந்தக் கேள்வியைத் திருப்பதி, சித்தூர் என்னும் இரு நகரங்களை வைத்து ஆராய்வோம். நீங்கள் சென்னையிலோ, பெங்களூரிலோ, மும்பையிலோ குடியிருந்தாலும் இதில் கூறப்படும் காரியம் உங்கள் சமையலறைக்கும் பொருந்தும்.

எல்லையோரத்து இரு நகரங்கள்

சித்தூரும் திருப்பதியும் தமிழ்நாட்டு எல்லையை அடுத்தவை. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. வேலை நிமித்தமாக வந்து வாடகை வீடுகளில் குடியேறியவர்களும் உண்டு. இரு நகரங்களும் ஒரே மாவட்டமாய் இருந்து, 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி திருப்பதி நகரில் சுமார் 2.87 லட்சம் மக்கள் இருந்தனர். அவர்களுடைய குப்பையோடு, தினந்தோறும் வந்து செல்லும் பல்லாயிரம் யாத்ரிகர்கள் விட்டுச்செல்லும் குப்பையையும் அந்த மாநகராட்சியே அள்ள வேண்டியிருக்கிறது.

இத்தனை பாரத்தைச் சுமந்தும் திருப்பதி தூய்மையில் நற்பெயர் பெற்ற நகரம். மத்திய அரசின் 'ஸ்வச் சர்வேக்ஷண்' கணக்கெடுப்பில், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களுள் அது 2022இல் 7ஆம் இடத்தையும், 2023இல் 8ஆம் இடத்தையும் பெற்றது. 2025 ஜூலையில் வெளியான 2024-25 முடிவுகளில், 50,000 முதல் 3 லட்சம் வரை மக்கள்தொகையுள்ள நகரங்களுக்கான 'சூப்பர் ஸ்வச் லீக்' பட்டியலிலும் இடம்பெற்றது. இது பாராட்டத்தக்கது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகரம் சுத்தமாய்க் காணப்படுவது ஒரு காரியம். நகரத்தின் பொருட்கள் மறுபடியும் பயன்படுவது வேறொரு காரியம். தெருவைப் பெருக்கி, யாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே கொட்டிவிட்டாலும் தெரு சுத்தமாய்த்தான் தோன்றும். கொட்டப்பட்ட இடத்துக்கு அருகே குடியிருப்பவர்களைக் கேட்டால்தான் முழுக்கதையும் விளங்கும்.

திரும்பி வரும் பேட்டரி

முதலாவது, வெற்றியாய் நடந்துவரும் ஒரு மறுசுழற்சியைப் பார்ப்போம். அது திருப்பதிக்கு அருகிலேயே இருக்கிறது. 1985இல் தொடங்கப்பட்ட அமர ராஜா நிறுவனம் திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும், சித்தூர் மாவட்டத்து நூனேகுண்டலபள்ளியிலும் பேட்டரிகளைச் செய்கிறது. நம் வாசகர் குடும்பங்களிலும் இத்தகைய ஆலைகளை நம்பிப் பிழைப்பவர்கள் உண்டு.

உங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரி பழுதாகிவிட்டால் என்ன செய்கிறீர்கள்? அதைக் குப்பைத் தொட்டியில் போடுகிறீர்களா? இல்லை. கடைக்காரரிடம் கொடுத்து, அதற்குரிய விலையைப் புதிய பேட்டரியின் விலையில் கழித்துக்கொள்கிறீர்கள். ஏனெனில் அதன் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் ஈயம். ஈயத்தை எத்தனை முறை உருக்கினாலும் அதன் தன்மை கெடுவதில்லை. பழைய பேட்டரி கடைக்காரரிடமிருந்து உருக்காலைக்குச் சென்று, புதிய பேட்டரிக்குள் ஈயத் தகடாய்த் திரும்புகிறது. இதே நிறுவனக் குழுமம் தமிழ்நாட்டின் செய்யாற்றில், ஆண்டுக்கு 1.5 லட்சம் டன் திறன் என்ற திட்டத்தோடு பேட்டரி மறுசுழற்சி ஆலை ஒன்றை அமைத்திருக்கிறது.

பேட்டரி இவ்வாறு திரும்பி வருவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, பழைய பொருளுக்கு விலை கொடுக்க ஒருவர் இருக்கிறார். இரண்டு, விற்றவர் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2001ஆம் ஆண்டின் பேட்டரி விதிகள் அந்தப் பொறுப்பை ஏற்படுத்தின, 2022ஆம் ஆண்டின் புதிய விதிகள் தயாரிப்பாளர்மேல் அதை இன்னும் உறுதியாய்ச் சுமத்தின. மூன்றாவது காரணத்தை நாம் கவனிப்பதேயில்லை: பேட்டரி தனியாய் வருகிறது. அதை எவரும் நேற்றைய சாம்பாரோடு கலந்து வைப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிப்பும் அவசியம். சில ரூபாய் அதிகம் கிடைக்கிறது என்று பழைய பேட்டரியைத் தெருவில் வரும் யாரிடமாவது கொடுத்துவிடாதிருங்கள். உரிமமில்லாத கொட்டகைகளில் அது உடைக்கப்பட்டு, அமிலம் சாக்கடையில் ஊற்றப்பட்டு, ஈயம் திறந்தவெளி அடுப்பில் உருக்கப்படுகிறது. அந்தப் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் இரத்தத்தில் சேர்கின்றன. யுனிசெஃபும் 'பியூர் எர்த்' அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகப் பிள்ளைகளில் மூவரில் ஒருவருடைய இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாகவும், இந்தியாவில் மாத்திரம் இத்தகைய பிள்ளைகள் 27 கோடிக்கும் அதிகம் என்றும் மதிப்பிட்டது. முறையற்ற பேட்டரி உருக்குதல் அதற்கு ஒரு முக்கிய காரணம். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே ரசீது கொடுக்கும் கடையிலேயே பழைய பேட்டரியைக் கொடுங்கள்.

திரும்பி வராத பால் கவர்

இப்பொழுது பால் கவரை எடுத்துக்கொள்வோம். அது நல்ல பிளாஸ்டிக். கழுவி உலர்த்தினால் உருக்கி, மணிகளாக்கி, வேறு பொருட்களைச் செய்யலாம். ஆயினும் மேற்சொன்ன மூன்றும் அதற்கு இல்லை. ஒரு கவரின் எடை சில கிராம்தான். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கான கவர்கள் வேண்டும். வாங்கிய கடையில் அதைத் திரும்பக் கேட்பவர் எவரும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது காய்கறித் தோலோடும் மீந்த குழம்போடும் ஒரே பையில் போகிறது.

கலந்த குப்பைக்கு என்ன நேரிடுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். மறுசுழற்சித் தொழிலில் பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாய் வெட்டி நீர்த்தொட்டியில் கொட்டுவார்கள். தண்ணீர் பாட்டில் செய்யும் 'பெட்' வகை மூழ்கும். அதன் மூடியும் பால் கவரும் செய்யும் வகைகள் மிதக்கும். இவ்வளவு எளிதாய் இரண்டையும் பிரித்துவிடலாம். ஆனால் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் ஒட்டியிருந்தாலோ, அதிக நீரும் சோப்பும் வெந்நீரும் தேவைப்படும். கழுவும் செலவு பொருளின் விலையைத் தாண்டிவிடும். அப்பொழுது வியாபாரி அதைத் தொடமாட்டார். காகிதமும் அப்படியே. உலர்ந்த செய்தித்தாளுக்கு விலை உண்டு. ரசம் ஊறிய செய்தித்தாளுக்கு யார் விலை கொடுப்பார்?

சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு பாக்கெட்டுகளின் நிலை இன்னும் கடினம். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஏடு ஏடாக ஒட்டப்பட்டிருப்பதால், அவற்றைப் பிரித்தெடுப்பது லாபகரமாய் இல்லை. பெரும்பாலும் சிமெண்ட் ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாகவே அவை பயன்படுகின்றன. ஆகவே வாங்கும்போதே குறைத்துக்கொள்வதுதான் அவற்றுக்கு ஏற்ற வழி.

பத்து ரூபாய் கற்றுத்தரும் பாடம்

'மக்களுக்குப் பொறுப்பில்லை, நம் ஜனங்கள் மாறமாட்டார்கள்' என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அது சரியல்ல. மதுக்கடையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத நேருவது வருத்தமே. எனினும் ஒரு பாடத்துக்காக இதைக் குறிப்பிடுகிறோம். நீலகிரி மாவட்டக் காடுகளில் உடைந்த மதுபாட்டில்கள் யானைகளின் கால்களைக் கிழித்துவந்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதின் பேரில், 2022 மே 15 முதல் அம்மாவட்ட டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பத்து ரூபாய் அதிகம் வசூலித்து, காலிப் பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திரும்பத் தரும் முறை தொடங்கியது. அதுவரை காட்டில் வீசப்பட்ட பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை கடைக்கே திரும்பின. பின்பு இத்திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. குடித்தவரின் குணம் ஒரே நாளில் மாறிவிட்டதா? இல்லை, பாட்டிலுக்கு விலை வந்தது, அவ்வளவே.

திருமலையிலும் இதைக் காணலாம். 2022 ஜூன் 1 முதல் அங்கே பிளாஸ்டிக் பொருட்களுக்கு முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. கடைகளில் கண்ணாடிப் பாட்டிலில் நீர் விற்கப்படுகிறது. பாட்டிலுக்கான முன்பணம், அதைத் திரும்பக் கொடுக்கும்போது கிடைக்கிறது. மலைமேல் நடக்கும் இக்காரியம் மலையடிவாரத்து நகரிலும், சித்தூர்ப் பேருந்து நிலையத்திலும் ஏன் நடக்கக்கூடாது? தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பானப் பாட்டிலுக்கும் இத்தகைய முன்பணத்தை விதித்தால், மறுசுழற்சித் தொழிலுக்குச் சுத்தமான சரக்கு தானாய் வந்து சேரும். பிளாஸ்டிக் உறைகளைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனங்கள் அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வழிகாட்டு விதிகளை வெளியிட்டிருக்கிறது. அவ்விதி காகிதத்தில் நின்றுவிடாமல் கடைத்தெருவுக்கு வரவேண்டும் என்று கேட்பது குடிமக்களாகிய நமது உரிமை.

மேட்டில் புதைந்தவை

திருப்பதியின் குப்பை நெடுங்காலம் ராமாபுரம் கிடங்கில் கொட்டப்பட்டது. பழைய குப்பை மேடுகளை இப்பொழுது நாடெங்கும் 'பயோமைனிங்' முறையில் அகற்றி வருகிறார்கள். ராமாபுரத்திலும் இம்முறை கையாளப்பட்டது. மேட்டைக் கிளறி உலரவிட்டு, சுழலும் பெரிய சல்லடையில் சலித்து, மண்ணையும் கல்லையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியே பிரிப்பார்கள். அவ்வாறு பிரித்தெடுத்த பிளாஸ்டிக், மண்ணேறி மக்கிப்போய், எரிப்பதற்கே தவிர வேறொன்றுக்கும் உதவாது. சிந்தித்துப் பாருங்கள்: வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளில் விலைபோகக்கூடிய பொருளாய் இருந்தது, பத்து ஆண்டுகள் கழித்து மக்களின் வரிப்பணத்தைச் செலவிட்டுத் தோண்டி எடுக்கப்பட்டு, எரிபொருளாய்ப் போகிறது. அன்றைக்கு ஒரு கூடையை மாற்றிப் போட்டிருந்தால் போதுமானதாயிருந்திருக்கும்.

இப்பொழுது தூகிவாகத்தில் மாநகராட்சியின் கழிவு பதப்படுத்தும் வளாகம் இருக்கிறது. ஈரக்குப்பையை உரமாகவும் எரிவாயுவாகவும் மாற்றவும், கட்டட இடிபாடுகளைப் பயன்படுத்தவும் அங்கே வசதி செய்யப்பட்டுள்ளது. எரிவாயுக் கலத்தின் வேலை நம் வயிற்றின் வேலையைப் போன்றது. அதற்குள் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் சென்றால் அது அடைபடும், பழுதாகும். எத்தனை கோடி செலவில் ஆலை அமைத்தாலும் அதன் ஆரோக்கியம் நமது சமையலறைக் கூடையைச் சார்ந்திருக்கிறது.

சித்தூரில் இதற்கு வேறொரு முகம் உண்டு. தோத்தாபுரி மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஆலைகள் நிறைந்த மாவட்டம் அது. பருவகாலத்தில் தோலும் கொட்டையுமாய்க் குவிவது ஏராளம். கலப்பில்லாமல் ஒரே இடத்தில் கிடைக்கும் இத்தகைய ஈரக்கழிவு எரிவாயுவுக்கும் உரத்துக்கும் மிகவும் ஏற்றது; சாலையோரத்தில் கொட்டினாலோ ஈயும் துர்நாற்றமும்தான் பலன்.

பிரிக்கிற கைகள்

இவை யாவற்றுக்கும் நடுவில் நிற்கிற மனிதரை நாம் மறந்துவிடக்கூடாது. நீங்கள் பிரிக்காமல் அனுப்பும் பையை யாரோ ஒருவர் கைவிட்டுப் பிரிக்கத்தான் வேண்டும். அவருடைய விரலில் குத்துவது உங்கள் வீட்டு ஊசி; அவர் முகத்தில் அடிப்பது உங்கள் வீட்டுத் துர்நாற்றம். நம் சபைகளின் பின்வரிசைகளில் அமர்ந்து பாடுகிறவர்களில், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இந்த வேலைக்குச் செல்லும் சகோதரிகளும் சகோதரர்களும் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

2023 டிசம்பர் 26 அன்று ஆந்திர மாநில நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 2024 ஜனவரி இரண்டாம் வாரம் வரை அது நீடித்தது. நகரத் தெருக்களில் குப்பை குவிந்தது. மாதம் 21,000 ரூபாய் ஊதியம் என்னும் உடன்பாட்டின் பேரில் அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்கள் கைகளை நிறுத்திய அந்த நாட்களில்தான் அநேகருக்கு அந்தக் கைகள் இருந்தது தெரியவந்தது.

நகராட்சிப் பணியாளர்களுக்காவது சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் உண்டு. தோளில் சாக்குடன் தெருத்தெருவாய்ப் பொறுக்கி, பழைய பேப்பர் கடையில் விற்றுப் பிழைப்பவர்களுக்கு அதுவும் இல்லை. நாட்டின் மறுசுழற்சித் தொழில் பெரும்பாலும் அவர்களுடைய முதுகின்மேல்தான் நிற்கிறது. சாக்கடைத் தொழிலாளர்களுக்காக ஏற்பட்ட மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் 2024ஆம் ஆண்டு முதல் குப்பை பொறுக்குவோரும் சேர்க்கப்பட்டார்கள். அடையாளப் பதிவும் மருத்துவக் காப்பீடும் அதில் உண்டு. உங்கள் தெருவில் வரும் ஒருவருக்கு இந்தத் திட்டத்தை எடுத்துச் சொல்லி, பதிவு செய்ய உடன் சென்றால் அது பெரிய உபகாரம்.

இவர்களைச் சேர்த்துக்கொண்ட நகரங்களே முன்னேறியிருக்கின்றன. பூனாவில் குப்பை பொறுக்குவோரே உரிமையாளர்களாய் இருக்கும் 'ஸ்வச்' என்னும் கூட்டுறவு 2008 முதல் வீடு வீடாய்க் குப்பை சேகரிக்கிறது. சித்தூரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டரிலுள்ள வேலூரில், சி. சீனிவாசன் என்பவர் குப்பையை அன்றன்றே சேகரித்துப் பல வகைகளாய்ப் பிரித்து விற்கும் முறையை உருவாக்கினார். அவருடைய வழிகாட்டுதலில் சத்தீஸ்கரின் அம்பிகாபூர் நகரத்தில் சுயஉதவிக் குழுப் பெண்கள் அதே முறையை ஏற்று நடத்த, ஊருக்கு வெளியே இருந்த குப்பை மேடு பூங்காவாயிற்று. திருப்பதியோடு 2024-25 பட்டியலில் இடம்பெற்ற அதே அம்பிகாபூர்தான் இது.

செலவை யார் சுமப்பது?

ஆந்திராவில் 2021 அக்டோபர் 2 அன்று தொடங்கிய 'கிளாப்' திட்டத்தில் நகர வீடுகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று கூடைகள் அளிக்கப்பட்டன. மாதந்தோறும் கட்டணமும் விதிக்கப்பட்டது. ஜனங்கள் அதைச் 'செத்த பன்னு', அதாவது குப்பை வரி என்று சொல்லி வெறுத்தார்கள். 2024 அக்டோபர் 2 அன்று மாநில அரசு அதை ரத்து செய்வதாக அறிவித்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அது நிம்மதியே. ஆனால் கட்டணம் நின்றதினால் செலவு நின்றுவிடவில்லை. வண்டிக்கு டீசல் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். பிரித்துக் கொடுத்த குப்பையை விற்றால் அதில் ஒரு பங்காவது ஈடாகும்; கலந்து கொடுத்தால் முழுச்செலவும் பொதுப் பணத்தின் தலையில் விழும். பணமாய்க் கொடுக்க வேண்டாம் என்றான பின்பு, இரண்டு நிமிட உழைப்பாகவாவது நாம் கொடுக்க வேண்டாமா?

நாம் செய்யத்தக்கவை

வேற்றூரில் குடியேறியவர்கள் முதலாவது இரண்டு தெலுங்குச் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். 'தடி செத்த' என்றால் ஈரக்குப்பை. 'பொடி செத்த' என்றால் உலர்ந்த குப்பை. தமிழ்க் காதுக்கு 'செத்த' என்பது வேறு அர்த்தம் தரும். ஆனால் அந்தக் கூடையிலுள்ளது எதுவும் செத்துப்போகவில்லை, பிரித்தால் பிழைக்கும் என்று நினைவில் கொள்ளுங்கள்.

பச்சைக் கூடையில் காய்கறித் தோல், மீந்த உணவு, தேயிலைத் தூள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் போடுங்கள்.

நீலக் கூடையில் காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி ஆகியவற்றைப் போடுங்கள். பால் கவரின் ஓரத்தை மாத்திரம் வெட்டுங்கள்; வெட்டிய முனையைத் தனியே எறியாதிருங்கள். பாத்திரம் கழுவிய நீரிலேயே அதை அலசிக் காயவையுங்கள். அலுமினியப் பொருளைத் தவறாமல் சேர்த்து வையுங்கள். தாதுவிலிருந்து புதிதாய் அலுமினியம் எடுப்பதற்கு ஆகும் மின்சக்தியில் ஏறக்குறைய ஐந்து சதவீதமே அதை மறுபடி உருக்குவதற்கு ஆகிறது.

சிவப்புக் கூடையில் மருந்து, பிளேடு, ஊசி, பூச்சிமருந்து டப்பா முதலியன. நாப்கின், டயபர் ஆகியவற்றைத் தனியே காகிதத்தில் சுற்றிக் கட்டி, வண்டிக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி அறிவிக்கப்பட்ட புதிய திடக்கழிவு விதிகள், ஈரம், உலர்ந்தது, சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் வேண்டிய கழிவு என்று நான்காய்ப் பிரிக்கச் சொல்கின்றன. உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுங்கள். எதையும் கொல்லைப்புறத்தில் கொளுத்தாதிருங்கள். பிளாஸ்டிக் புகை முதலில் உங்கள் பிள்ளையின் நுரையீரலுக்குத்தான் செல்லும்.

நாம் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் மறுபடியும் ஒன்றாய்க் கொட்டினால் என்ன செய்வது என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு வீட்டார் மாத்திரம் பிரித்தால் வண்டிக்காரர் கலந்துவிடுவார். ஒரு தெருவே பிரித்துக் கொடுத்தால் கலக்கத் தயங்குவார். பத்து வீட்டார் சேர்ந்து வார்டு அலுவலகத்தில் எழுத்துமூலமாய் மூன்று காரியங்களைக் கேளுங்கள்: வண்டியில் தனித்தனி அறைகள் வேண்டும், உலர்ந்த பொருளை எடை போட்டு வாங்கும் மையம் ஒன்றும், அங்கே விலைப்பலகையும் வேண்டும், பணியாளர்களுக்குக் கையுறையும் காலணியும் வேண்டும். 2025 ஜனவரி முதல் ஆந்திராவில் ஒவ்வொரு மாதமும் மூன்றாம் சனிக்கிழமை 'ஸ்வர்ண ஆந்திரா, ஸ்வச்ச ஆந்திரா' நாளாய் அனுசரிக்கப்படுகிறது. அதிகாரிகள் தெருவுக்கு வரும் அந்த நாள் இதைப் பேச ஏற்ற நாள்.

சபைக் கூடுகைகளில்

கடைசியாக, நம்முடைய கூடுகைகளைக் குறித்து ஒரு வார்த்தை. கன்வென்ஷன் முடிந்த மறுநாள் காலையில் மைதானத்தைப் பார்த்ததுண்டா? தெர்மாகோல் தட்டுகள், தண்ணீர் பாக்கெட்டுகள், பிளாஸ்டிக் கப்புகள், காற்றில் ஆடும் ஃப்ளெக்ஸ் பேனர்கள். தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் கப்பும் ஸ்பூனும் உள்ளிட்ட பல பொருட்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை உண்டு. சட்டத்துக்குக் கீழ்ப்படிதலை மேடையில் போதித்துவிட்டு, பந்தியில் தடைசெய்யப்பட்ட தட்டில் பரிமாறுவது நமக்குச் சாட்சியாகுமா? ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்த பின்பும் மீதியானவை பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கப்பட்ட சம்பவத்தை நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

அன்பின் விருந்துக்கு வாழையிலையோ, சபைக்குச் சொந்தமான எவர்சில்வர் தட்டுகளோ போதும். நூறு தட்டுகளை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகளுக்கு உழைக்கும். குடிநீருக்குப் பெரிய கேனும் டம்ளரும் வையுங்கள். ஃப்ளெக்ஸ் பேனர் பி.வி.சி.யால் ஆனது, அதை வாங்குவார் அரிது, எரித்தால் நச்சுப்புகை. துணியில் ஆண்டு குறிப்பிடாமல் எழுதிவைத்தால் அடுத்த கூட்டத்துக்கும் உதவும். பந்தி முடியும் இடத்தில் பச்சை, நீலம் என்று இரண்டு கூடைகளை வைத்து, வாலிபர் இருவரை அருகில் நிறுத்துங்கள். மாதக் கடைசி ஞாயிறன்று குடும்பங்கள் வீட்டில் சேர்த்த உலர்ந்த பொருட்களைச் சபை வளாகத்துக்குக் கொண்டுவந்தால், ஒரு பழைய பேப்பர் வியாபாரியை வரவழைத்து எடை போட்டு விற்கலாம். ஒரு வீட்டின் பால் கவருக்கு விலையில்லை; ஐம்பது வீடுகளின் பால் கவருக்கு விலையுண்டு. அந்தப் பணம் யாருக்கு என்பதையும் முன்னதாகவே தீர்மானித்து அறிவியுங்கள். உங்கள் தெருவைச் சுத்தம் செய்யும் பணியாளரின் பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம் வாங்க அது உதவினால், அதைவிடப் பொருத்தமான செலவு வேறு இல்லை.

பிரியமானவர்களே, பெரிய ஆலைகளை அமைப்பதும் முன்பணத் திட்டத்தைக் கொண்டுவருவதும் அரசாங்கத்தின் வேலை. சுத்தமான பொருளை அந்த ஆலையின் வாசல்வரை அனுப்புவது நம் வேலை. இதை வாசித்து முடித்தவுடன் இன்று இரவே இரண்டாவது கூடை ஒன்றை அடுப்படியில் வையுங்கள். நாளைக் காலையில் வண்டியின் சத்தம் கேட்கும்போது, இரண்டு கூடைகளையும் தனித்தனியே கொடுங்கள். கொடுக்கும்போது, அதை வாங்கிக்கொள்கிற அந்தச் சகோதரியின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.